பாம்புப் பெண்ணுக்குக் கால் உண்டு

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஸ்டிக்கர் வந்து விழுந்தது. கேஸ் சிலிண்டர் விலை ஏறிவிட்டது என்று யாரோ போட்ட செய்திக்குப் பதிலாகக் கொழுந்தன் மகன் அனுப்பியது. ஒரு பெண்ணின் தலை வாயைப் பிளந்து அலறுகிறது. மை கரைந்து கன்னத்தில் ஓடியிருக்கிறது. உதட்டோரம் சிவப்பு. கழுத்துக்குக் கீழே வெறும் பலகை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தேன். என் தலைதான் அது.

அவனுக்குத் தெரியாது, பாவம். அவன் பிறந்ததே அதற்குப் பிறகுதான். பழைய பேய்த் தொடர் ஒன்றை யாரோ யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள், அதிலிருந்து வெட்டியது என்று என் பெண் செண்பகா விசாரித்துச் சொன்னாள். பரீட்சை முடிவு வந்தாலும், மாமியார் ஊரிலிருந்து வந்தாலும் ஊரெல்லாம் இந்தத் தலையைத்தான் அனுப்பிக்கொள்கிறார்களாம். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இருபத்து நாலு வயதில் முகம் ஒன்றும் மோசமில்லை என்றுகூட நினைத்தேன். பிறகுதான் அந்தப் பலகையைப் பார்த்தேன். பார்த்ததும் நனைந்த ப்ளைவுட் நாற்றமும் அந்துருண்டை வாடையும் மூக்கில் ஏறிவிட்டன.

அந்துருண்டை வாடை பாம்பினுடையது. பச்சை சாட்டின் துணிக்குள் பஞ்சை அடைத்து ஜிகினா ஒட்டிய பாம்பு அது. சீசன் முடிந்ததும் மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்து அந்துருண்டை போட்டுவிடுவோம். குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் மேலகரம் ரோட்டோரம் இருந்த காலி மைதானத்தில் பொருட்காட்சி வந்துவிடும். ராட்டினம், மரணக் கிணறு, டெல்லி அப்பளம், பஞ்சுமிட்டாய் என்று எல்லாவற்றையும் தாண்டிப் போனால் கடைசியில் எங்கள் கூடாரம். தலை பெண், உடல் பாம்பு. ஆறு வருடம் நான்தான் அந்தத் தலை.

ரகசியம் பெரிதில்லை. மேஜைக்கு அடியில் இரண்டு கண்ணாடிகளைக் கோணமாக நிறுத்திவிட்டால், எதிரே நிற்கிறவனுக்கு மேஜைக்கு அடியில் வெறும் தரைதான் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முக்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். மேஜையின் ஓட்டை வழியாகத் தலை மட்டும் வெளியே. ஆரம்பத்தில் கழுத்தைச் சுற்றித் துணிதான் இருந்தது. வாசுதேவநல்லூர்த் திருவிழாவில் ஒருநாள் பெரிய தும்மல் ஒன்று வந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். மேஜைமேல் பாம்பு மட்டும் அநாதையாகக் கிடந்தது. ஜனங்கள் தெறித்து ஓடினார்கள். அன்றைக்குப் பிறகுதான் கழுத்தைச் சுற்றி இரண்டு அரைவட்டப் பலகைகளும், அவற்றுக்குப் பின்பக்கம் ஒரு கொண்டியும் வந்தன. கொண்டியை வெளியே இருந்துதான் எடுக்க முடியும். போடுவதும் எடுப்பதும் எங்கள் வீட்டுக்காரர் வேலை.

கையில்லாத தலை ஒன்று எதிரே இருந்தால் மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். கடலைத் தோலை எறிவார்கள். துப்புவார்கள். மெய்யா பொம்மையா என்று பார்க்க ஊக்கால் குத்துவார்கள். கல்யாணமான ஒரு மனிதர், பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, என் கன்னத்தில் சிகரெட்டை வைத்து அழுத்தினார். தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தப் பெண்டாட்டி சிரித்ததுதான் எனக்கு ஆறவில்லை. எங்கள் வீட்டுக்காரர் மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய் அந்த ஆளின் வலது கையைப் பிடித்து மேஜை விளிம்பில் இரண்டு தரம் அடித்தார். விரல் முறிகிற சத்தம் எனக்கு ஒரு முழம் தூரத்தில் கேட்டது. உள்ளபடி சொன்னால் சந்தோஷமாக இருந்தது.

அவர் பெயர் செல்லையா. சாதுவென்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தடவை என்னையும் அறைந்திருக்கிறார். நான் பால் சட்டியை எடுத்து வீசி, அவர் புருவத்துக்கு மேலே நாலு தையல் போட வைத்தேன். அதோடு அந்தக் கணக்கு முடிந்தது, இரண்டு பேருக்கும்.

நான் மயங்கியது ஆளைப் பார்த்து அல்ல. புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சம்பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆட்டோவில் மைக் கட்டி ஊர் சுற்றுகிற குரலாகத்தான் அவர் எனக்கு முதலில் அறிமுகம். நகைக் கடைத் திறப்பு, கண் சிகிச்சை முகாம், யாராவது இறந்துபோன செய்தி, எல்லாம் அந்தக் குரல்தான் சொல்லும். இறந்த செய்தியை அவர் சொன்னால் முன்பின் தெரியாத வீட்டுக்குக்கூட மாலையோடு போய்விடத் தோன்றும். "வாங்க" என்று சொல்லும்போது மூக்கில் ஒரு நொடி நிறுத்துவார். "அண்ணாச்சி" என்றால் அந்த "ஆச்சி"க்குள் ஒரு சின்னக் கீறல் விழும். பழத்தைப் பளம் என்றுதான் சொல்ல வரும். என் கையில் பழம் நசுங்குவதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டோம். கூடாரத்தில் அவர் மைக்கில், "நீ ஏன் பாம்பா மாறுன?" என்று கேட்பார். "பெத்தவங்க பேச்சக் கேக்கல" என்று நான் சொல்ல வேண்டும். நான் சொன்ன வசனங்களிலேயே உண்மையானது அது ஒன்றுதான்.

அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தலையாக இருக்கிறவள் சீசன் முடிகிறவரை காலோடு யார் கண்ணிலும் படக்கூடாது. டீ குடிக்கப் போனால்கூட முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டுதான் போவேன். ஆறு வருடமும் அருவிச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தும் சீசனில் ஒருநாள் குளித்ததில்லை. ஜனங்கள் டிக்கெட் வாங்குவது எனக்குக் கால் இல்லை என்பதற்காக. அதைக் காட்டிவிட்டால் சோறு இல்லை. கண்ணாடியைத் துடைப்பதைவிட இதில்தான் நாங்கள் கவனமாக இருந்தோம்.

அந்த வருடம் மெட்ராஸிலிருந்து ஒரு டிவிக் கூட்டம் வந்தது. வாரம் ஒரு பேய்க் கதை, ஒவ்வொரு வாரமும் வேறு ஆட்கள், வேறு ஊர். இந்த வாரக் கதை பொருட்காட்சியில் நடக்கிறதாம். கொடுமைக்காரனான ஷோக்காரன் பாம்புப் பெண்ணைச் சாட்டையால் அடிக்கிறான். பார்க்க வந்தவர்கள் பொறுக்காமல் உள்ளே புகுந்து அவனை அடித்தே கொல்கிறார்கள். மறுநாள் கூடாரத்தைத் திறந்தால் மேஜைமேல் அவன் தலை இருக்கிறது. எனக்குக் கதை பிடித்திருந்தது. ஷோக்காரனாக நடிக்க வந்த நடிகர் முதல் நாளே மணிக்கணக்கில் அருவியில் நின்று காய்ச்சலில் விழுந்துவிட்டார். டைரக்டர் எங்கள் வீட்டுக்காரர் குரலைக் கேட்டார். நீங்களே செய்துவிடுங்கள் என்றார்.

அன்று அவருக்கு இருந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. எத்தனையோ பேர் அவரிடம் கேசட்டில் பேசித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கேசட்டு பேசினா எனக்கு யாரு சோறு போடுவா என்று விரட்டிவிடுவார். டிவி என்றதும் ஆள் மாறிவிட்டார்.

"ஏட்டி, நம்ம குரலு மெட்ராஸ் வரைக்கும் கேக்கப்போவுது" என்றார். காலையிலிருந்து மூன்று தரம் மிளகு கஷாயம் குடித்தார்.

கூட்டமாக நடிக்க வீரகேரளம்புதூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு வேனில் ஆட்களைக் கூட்டிவந்திருந்தார்கள். எல்லாம் வயல் வேலைக்காரர்கள். எங்கள் கூடாரத்தை ஒருவரும் முன்பு பார்த்ததில்லை. காலை ஏழு மணிக்கு வந்தவர்களை மதியம் இரண்டு மணிவரை சாரலில் நிற்க வைத்துவிட்டார்கள். சோறு வரவில்லை. சாராய வாடை மட்டும் எங்கிருந்தோ வந்துவிட்டது. ஸ்பாஞ்சில் செய்து காப்பி நிறம் பூசியிருந்த கம்புகள் மழையில் ஊறி முருங்கைக்காயாகத் தொங்கின. வேறு வழியில்லாமல் வரிசைக்குக் கட்டியிருந்த சவுக்குக் கம்புகளையே உருவிக் கொடுத்தார்கள். சும்மா ஓங்கினால் போதும், மேலே படக்கூடாது என்று சொன்னார்கள். சொல்லவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

உதவி டைரக்டராக ஒரு பெண் இருந்தாள். சின்ன வயதுதான், கெட்டிக்காரி. எங்கள் வீட்டுக்காரர் கொண்டியைப் போடப் போகும்போது அவள் என்னிடம் குனிந்து, "அக்கா, ஒரு தடவை இவங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டிடலாமா? நெஜம்னு நெனச்சுக்கப் போறாங்க" என்றாள்.

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நீயே சொல்லு என்பதுபோல.

"வேண்டாம்" என்றேன். "சீசன் இன்னும் பாதி கெடக்கு. காலப் பாத்துட்டான்னா நாளைக்கு ஒருத்தன் உள்ள வரமாட்டான்."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கொண்டியைப் போட்டார். வேண்டாம் என்று சொன்னது நான்தான். அவர் அல்ல, டைரக்டர் அல்ல. எத்தனையோ வருடமாக இதை வேறு மாதிரி நினைத்துப் பார்க்க முயன்றிருக்கிறேன், முடியவில்லை.

சாட்டை எங்களுக்குப் புதிதல்ல. அகலமான தோல்வாரை என் காதுக்கு நாலு விரல் தள்ளி, பலகையின் ஓரத்தில் அடிப்பார். பளீரென்று சத்தம் வரும்போது நான் தலையைச் சரியான பக்கம் உதற வேண்டும். கடைவாயில் பீட்ரூட் சாறு அடைத்த சின்னப் பை இருக்கும். நாலாவது அடியில் கடித்து வழியவிட்டேன். அன்றைக்கு இரண்டு பேருமே நன்றாகச் செய்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். காமிரா ஓடுகிறதல்லவா, அவர் குரலில் என்றும் இல்லாத ஒரு வெறி. "பேசு, வாயத் தொறந்து பேசு" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். ஏழு, எட்டு. கூட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது. ஒன்பதாவது அடிக்கு ஒருவன் அவர் தாயை இழுத்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.

டைரக்டர் கை காட்டுவதற்கு முன்பே கூட்டத்தை மறித்துக் கட்டியிருந்த கயிறு அறுந்தது. முதலில் வந்தது கறுத்து உயரமான ஒரு ஆள், மஞ்சள் சட்டை. வந்த வேகத்தில் அவர் முகத்தில் குத்தினான். மைக் தரையில் விழுந்து கூவியது. எழுந்திருக்கப் போனவரை இரண்டு பேர் முடியைப் பிடித்து நிறுத்தினார்கள், மற்றவர்கள் அடிக்க வசதியாக. விலாவில் கம்பு இறங்கினால் ஈர மூட்டையில் அடித்த சத்தம்தான் வரும். முழங்காலில் இறங்கினால் வேறு சத்தம். நான் எல்லாவற்றையும் கேட்டேன். அவர் முதலில் சிரித்தார், நடிப்பு என்றுதான் அவரும் நினைத்திருக்க வேண்டும். பல் உடைந்து வெளியே வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

"விடுங்கலே, எம் புருசன்லே அது" என்று கத்தினேன். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் சுற்றுகிற இரைச்சலில் என் பேச்சு யாருக்குக் கேட்கும்? கேட்டவனும் வசனம் என்றுதான் நினைத்தான். கொண்டி பின்னால் இருக்கிறது. கையை உயர்த்தினால் மேஜை இடிக்கிறது. காமிராக்காரர் கூட்டத்தை விட்டுவிட்டு என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் தோளுக்கு மேலே எனக்கு எல்லாம் தெரிந்தது. கீழே கிடந்தவர் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார். கழுத்து திறந்து கிடந்தது. மஞ்சள் சட்டைக்காரன் கம்பைச் செங்குத்தாகப் பிடித்து, உலக்கையால் குத்துகிற மாதிரி, அவர் தொண்டையில் இறக்கினான். நான் அலறினேன். அந்த முகத்தைத்தான் காமிரா பிடித்துக்கொண்டது.

அடுத்த அடிக்கு ஓங்கிய யாரோ ஒருவன் கம்பு பின்பக்கம் வந்து கண்ணாடியில் பட்டது. கண்ணாடி முழுசாகச் சரிந்தது. மேஜைக்கு அடியில், நைலக்ஸ் சேலையும் ரப்பர் செருப்புமாக என் இரண்டு கால்கள், உதைத்துக்கொண்டு.

"ஏலே, நில்லுங்கலே. பொம்பளைக்குக் காலு இருக்குலே."

அதோடு நின்றது. யார் சொல்லியும் நிற்காதது, என் காலைப் பார்த்ததும் நின்றது. ஒவ்வொருவராகக் கம்பைக் கீழே வைத்தார்கள். ஒருவர் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடிவிட்டார். அந்த உதவி டைரக்டர் பெண் அழுதுகொண்டே வந்து கொண்டியை எடுத்தாள். நான் போய் அவர் தலையை மடியில் வைத்தபோது அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்றும் ரத்தமும் வந்தன. வேறொன்றும் வரவில்லை.

தென்காசியில் பார்த்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். குரல் நரம்பெல்லாம் நசுங்கிவிட்டது, உயிர் பிழைத்ததே பெரிது என்றார் டாக்டர். ஒரு வாரம் கழித்து அந்த மஞ்சள் சட்டைக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வார்டுக்கு வந்தார். உள்ளே வரத் தைரியமில்லாமல் வாசலிலேயே நின்று அழுதார்.

"நெசம்னு நெனச்சுட்டேன் மைனி. ஒரு பொம்பளைய அடிக்கதப் பாத்துட்டு எப்படி நிக்கது?"

அவர் வீட்டில் எப்படியோ, நான் கேட்கவில்லை. திட்ட வேண்டும் என்று ஆறு நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். இத்தனை நாளும் நாங்கள் ஜனங்களை நம்பவைத்துத்தான் பிழைத்தோம். அவர் நம்பிவிட்டார், அவ்வளவுதான். பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

தொடர் ஒளிபரப்பானபோது நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பார்த்தவர்கள் எல்லாரும் என் நடிப்பைப் பாராட்டினார்கள். தத்ரூபமாக இருந்ததாம். பிறகு நாங்கள் கூடாரத்தை விற்றுவிட்டு மேலகரத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை போட்டோம். அவர் சட்டிமுன் நிற்பார், நான் வாசலில் நின்று கூவி ஆள் சேர்ப்பேன். செண்பகாவுக்கு அது நடந்தபோது ஒரு வயது. அவளுக்குத் தெரிந்த அப்பா, கூப்பிட வேண்டுமென்றால் இரண்டு தரம் கை தட்டுகிற அப்பா. காதோடு வாயை வைத்தால் மூச்சாக ஏதோ கேட்கும். ஆறு வருடத்துக்கு முன்பு நெஞ்சுச் சளியில் போய்ச்சேர்ந்தார். சாவுச் செய்தியை ஆட்டோவில் ஒரு பையன் சொல்லிக்கொண்டு போனான். சரியாகவே சொல்லவில்லை.

அப்பா குரல் எப்படி இருக்கும் என்று அவள் சின்ன வயதிலிருந்தே கேட்பாள். நான் பேசிக் காட்டுவேன். என் தொண்டையில் அது எங்கே வரும்? சிரித்துக்கொண்டு ஓடிவிடுவாள். இந்த ஆடிக்கு வந்தபோது யூடியூபில் தேடி அந்தத் தொடரை முழுசாகக் கண்டுபிடித்துவிட்டாள். எம்மா, இதுல அப்பா பேசிருப்பாவல்லா என்று என்னைப் பிடித்து டிவிக்கு முன்னால் உட்கார வைத்தாள். அடி விழுகிற இடம் வந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம், அதற்கு முன்னால் வருகிற பேச்சு போதும் என்று நினைத்தேன்.

கூடாரம் வந்தது. ஜிகினாச் சட்டையில் அவர் வந்தார், இருபத்தெட்டு வயதில். வாயைத் திறந்தார். வேறு யாரோ பேசினார்கள்.

கனத்த, அழகான குரல். சுத்தமான ழகரம். மெட்ராஸில் உட்கார்ந்து யாரோ ஒருவர் முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை அவருக்குப் பதிலாகப் பேசியிருந்தார். டிவியில் அப்படித்தான் செய்வார்களாம், அது அப்போது எங்களுக்குத் தெரியாது. மிளகு கஷாயம் குடித்த மனிதருக்கும் தெரியாது. நான் அலறியது மட்டும் என் குரலாகவே இருந்தது, அதை யாராலும் மாற்ற முடிந்திருக்காது.

செண்பகா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"எம்மா, இதாம்மா அப்பா குரலு?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமாட்டி. இதான்" என்றேன்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க" என்று வருகிற இடத்தை மட்டும் வெட்டி அவள் தன் போனில் அழைப்பு மணியாக வைத்துக்கொண்டாள். ஊருக்குப் போகிற வரை ஒரு நாளைக்கு இருபது தடவை அது வீட்டுக்குள் கூப்பிட்டது. நான் சமையலறையில் இருந்தாலும் கேட்கும். முந்தாநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே அவர் "ஆச்சி" என்று சொல்வதை நினைத்துப் பார்த்தேன், அந்தச் சின்னக் கீறலுக்காக. மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். அந்த மெட்ராஸ்காரர்தான் பேசினார்.